கால்நடை அடுக்கில் மத்திய வங்கி

நூலகத்தில் வாழும் ஜீவராசிகளில் கரையானைக்கூட மன்னிக்கலாம், பசிக்குத் தின்கிறது. பதுக்கல் ஆய்வாளர் அப்படியல்ல. வேண்டிய புத்தகத்தை அவரும் படிக்க மாட்டார், அடுத்தவர் கண்ணிலும் படவிடமாட்டார். எந்த ஜென்மத்திலும் யாரும் எட்டிப் பார்க்காத அடுக்கில் செருகிவிட்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு நாற்காலிக்குத் திரும்பிவிடுவார்.

நம் ஆய்வாளர் இந்தக் கலையில் கரைகண்டவர். நிதி நெருக்கடியில் மத்திய வங்கிகள் என்ன செய்கின்றன என்பது அவர் தலைப்பு. வங்கிகள் திவாலான வரலாறு, வட்டி விகிதப் புள்ளிவிவரம், தூசி தட்டினால் தும்மவைக்கும் விசாரணைக் குழு அறிக்கைகள் எல்லாம் கால்நடை மருத்துவ அடுக்கில், மாட்டு நோய்களுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் முதல் அத்தியாயம் வராவிட்டால் ஆய்வுப் பதிவே ரத்து என்று பேராசிரியை சொல்லிவிட்டார். ஆய்வாளர் அசரவில்லை. சரக்குதான் கைவசம் இருக்கிறதே!

வியாழன் காலை மாடுகளை விலக்கினார். சுவர் தெரிந்தது.

பக்கத்து மேஜையில் அதே துறை ஆய்வு மாணவி.

"ஏம்மா, கால்நடை அடுக்குல சில புத்தகம் வெச்சிருந்தேன்..."

"அது நீங்கதானாண்ணா? நான் எடுத்து சமையல் அடுக்குல வெச்சேன்."

"அங்க ஏன்?"

"வெச்சவங்களே வந்து எடுத்துட்டா?"

சமையலிலும் இல்லை. அவள் வைத்ததையும் யாரோ எடுத்து வேறெங்கோ பதுக்கியிருந்தார்கள். இருவரும் அடுக்கடுக்காகத் தேடிக் கடைசியில் நவீனக் கவிதைக்கு வந்தார்கள். யாரும் வராத இடம் என்று எல்லோருக்கும் தெரிந்த இடம். பொருளாதாரத் துறை நூல்களில் பாதி அங்கே குடியிருந்தது.

ஆய்வாளர் அப்படியே நின்றார். ஒரு புத்தகம்கூட நூலகத்தை விட்டுப் போகவில்லை. ஆனாலும் யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்தவர் முந்திக்கொள்வாரோ என்ற பயத்தில் ஒவ்வொருவரும் முந்திக்கொள்ள, நிறைந்த நூலகம் காலியாகிவிட்டது. போட்ட பணத்தை எடுக்க வங்கி வாசலில் கூட்டம் நெருக்கியடித்து, நன்றாக இருந்த வங்கியைக் கவிழ்ப்பதும் இப்படித்தானே? உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினார்.

"நேர்ல பார்த்த மாதிரி எழுதியிருக்கீங்களே," என்றார் பேராசிரியை மறுநாள். பதிவு பிழைத்தது.

அந்தச் சந்தோஷத்தில் ஆய்வாளர் இரண்டாம் அத்தியாயத்துக்கான நூல்களை அள்ளிக்கொண்டு கிளம்பினார். இம்முறை தோட்டக்கலை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாளைக்குச் சர்க்கரை கிடைக்காதாம் என்று யாரோ சொன்ன அன்று கடையில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. உங்கள் அலமாரிக்குப் போய்வரும் எறும்புகளைக் கேட்டுக்கொள்கிறேன்.