பனிக்கு ஒரு கம்ப்ரஸர்

"கம்ப்ரஸரா? அது பஞ்சர் கடையில இருக்கும் கண்ணு. போயி ஊட்ல பெரியவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வா."

சேலத்தில் இசைக்கருவிக் கடைக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னது இது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர்கள். கையெழுத்து என்றால் கட்டைவிரலை நீட்டுவார்கள். பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கல்லூரியில் இயற்பியல் வரை போனவள் நான் ஒருத்திதான். கூட்டி வர எனக்கு மேலே ஆள் இல்லை. ஆகவே நகராமல் நின்றேன். "பேஸ் கிட்டாருக்கு வைக்கிற கம்ப்ரஸர் பெடலுங்க" என்று முழுப் பெயரையும் சொல்லி, தோளிலிருந்த கிட்டாரை இறக்கி அவர் மேஜைமேல் வைத்தேன்.

கிட்டார் என்னுடையதல்ல. டும் அண்ணனுடையது.

சேர்வராயன் மலையில் இடி இரண்டு இடத்திலிருந்து வரும். ஒன்று வானம். மற்றது டும் அண்ணன். வானமாவது முன்னதாக மின்னிக் காட்டும்.

பகலில் அவர் எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் மிஷினை ஓட்டினார். மாலையில் எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார். நான் அதே குழுவில் அறிவிப்பாளர். அவருடைய உண்மையான பெயர் ரேஷன் கடைக்கு மட்டும் தெரியும்.

"காதுல கேக்கறது பாட்டு கண்ணு. வயித்துல கேக்கறதுதான் பேஸு" என்பார். ஸ்பீக்கர்மேல் டம்ளர் நிறைய டீ வைப்பார். டீ தளும்பினால்தான் தான் வாசித்ததாக ஒப்புக்கொள்வார்.

இதுகூடப் பரவாயில்லை. பனியைப் பற்றி அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. பனி மற்ற வாத்தியங்களை விட்டுவிடுமாம், பேஸின் டும் சத்தத்தை மட்டும் குடித்துவிடுமாம். ஆகவே பனி இறங்கினால் பலமாக அடிப்பார், விலகினால் தடவுவார். ஏற்காட்டுப் பனி ஒரு பாட்டுக்குள்ளேயே நாலு தடவை வந்து போகும்.

கிளியூரில் ஒரு தாலாட்டுப் பாட்டு. முதல் அடியில் ஊர்க் குழந்தைகள் எல்லாம் தூங்கிவிட்டன. இரண்டாம் அடியில் பனி இறங்கியது. அதன்பிறகு அந்த ஊரில் யாரும் தூங்கவில்லை. மஞ்சக்குட்டைக் கல்யாணத்தில் பந்தி நடக்கும்போது பனி வந்தது. அண்ணன் அடித்த அடியில் இலையிலிருந்த அப்பளங்கள் தாமாகவே நொறுங்கின என்று மாப்பிள்ளை வீட்டார் இன்றும் சொல்கிறார்கள். அப்பளத்துக்கு நான் சாட்சி இல்லை. ஸ்பீக்கர் கிழிந்ததற்கு சாட்சி.

ஸ்பீக்கர்கள் மாஸ்டருடையவை. குழுவை நடத்தி, கீபோர்டு வாசித்தவர் அவர். கிழிந்த ஸ்பீக்கரைக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் சொன்னார்:

"ஏனுங்க டும்மு, கரடியூர் ஆடிப் பண்டிகைதான் கடைசி. அதுலயும் கிழிச்சீங்கன்னா நீங்க ஊட்லயே இருந்துக்கலாம். பேஸை நான் கீபோர்டுலயே இடது கையில வாசிச்சுக்குவேன்."

அண்ணன் அந்த இடது கையைப் பார்த்தார். மோதிரம் போட்ட, மெலிந்த கை. "அதுல ஒரு டீ தளும்புமாங்க?" என்று மட்டும் கேட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

கல்லூரி நூலகத்தில் இருந்த ஆங்கில இசைப் பத்திரிகை ஒன்றில் இதற்கு மருந்து இருந்தது. மறுநாளே அண்ணனிடம் போய் நின்றேன்.

"உங்களுக்கு ஒரு கம்ப்ரஸர் வேணுங்ணா. அப்பறம் பனி வந்தாலும் பிரச்சினை இல்லை."

"படிச்ச புள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். அவருடைய குறையே இதுதான். யோசிக்காமல் நம்பிவிடுவார்.

அடுத்த ஒத்திகைக்கு, மஞ்சக்குட்டைக்கு ஆளேற்றும் வாடகை ஜீப் வந்து நின்றது. பின்னால் அண்ணன். அவர் மடியில் பஞ்சர் கடையில் காற்றடிக்கும் கம்ப்ரஸர், டேங்கும் ரப்பர் குழாயுமாக. எங்களில் ஒருவர் வாய் திறப்பதற்குள் மிஷினை ஓட்டி, குழாயை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தார். பனி ஒரு முழம் விலகியது.

"கண்ணு, மெய்யாலுமே ஊதித் தள்ளுது!"

விலகிய பனி, இரைந்த மிஷின், கையில் குழாயோடு அவர். கிட்டார் வாசிக்கக் கை மிச்சமில்லை என்பதை அவரே கடைசியில் கண்டுபிடித்தார். மாஸ்டர் இடது கை விரல்களைச் சொடுக்கிக்கொண்டார்.

நான் விளக்கினேன். "இது காத்தடிக்கறதில்லீங்ணா. காலடியில வைக்கிற சின்னப் பெட்டி. பலமா அடிச்சா அமுக்கும். மெதுவா அடிச்சா தூக்கி விடும்."

அண்ணன் குழாயைக் கீழே போட்டார்.

"ஊர்ல மெதுவாப் பேசறவனத்தான கண்ணு அமுக்குவாங்க? இது நேர் எதிரால்ல இருக்குது! நொம்ப நல்ல சாமானா இருக்கும்போல. வாங்கிரு."

இப்படித்தான் அவருடைய கிட்டாரோடு பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினேன். கொண்டை ஊசி வளைவுகளில் அது பக்கத்து சீட்டுக்காரரைக் கழுத்தில் குத்திக்கொண்டே வந்தது.

கடைக்காரர் முதலில் கண்ணாடி அலமாரியிலிருந்த வெளிநாட்டுப் பெடலைக் காட்டினார். விலையைக் கேட்டதும் நான் கையை எடுத்துக்கொண்டேன். அடுத்து ஒரு சின்னச் சிவப்புப் பெட்டி, மலிவு. நான் தடித்த கம்பியை இழுத்தேன். டும் என்று வரவேண்டியது டிக் என்றது. சாதாரண கிட்டாருக்குச் செய்த பெட்டி, அடிநாதத்தை விழுங்கிவிட்டது. பனியே தேவலை. இன்னொன்று எண்ணெய்ச் சட்டிபோல இரைந்தது.

"பேஸுக்கு எல்லாம் ஒண்ணுதான் கண்ணு. யாரு கேக்கப் போறாங்க?"

"வயித்துல கேக்கணுங்க" என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

கடைசியில் மூலையிலிருந்து பழைய பெட்டி ஒன்றை எடுத்தார். சாயம் உரிந்து, ஒரு திருகில் குமிழ் இல்லை. அதனால்தான் மலிவு. பலமாக அடித்தேன், மெதுவாகத் தடவினேன். இரண்டும் ஒரே உயரத்தில், உருண்டையாக வந்தன. என் வயிற்றில் ஏதோ நகர்ந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

கரடியூர்ப் பண்டிகையில் பெட்டி அண்ணன் காலடியில் இருந்தது. இரண்டாவது பாட்டிலேயே பனி இறங்கியது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டேன். மாஸ்டர் ஸ்பீக்கரைப் பார்த்தார். அண்ணன் கையை ஓங்கி அடித்தார். டும், அவ்வளவுதான். ஸ்பீக்கர் பிழைத்தது. டீ தளும்பியது, சிந்தவில்லை.

பிறகு பனி விலகியது. அண்ணன் தடவ ஆரம்பித்தார். அப்போதுதான் எல்லோருக்கும் முதல் தடவையாகக் கேட்டது. இத்தனை காலம் இரண்டு இடிகளுக்கு நடுவே, யார் காதுக்கும் எட்டாமல், அந்தத் தடித்த விரல்கள் குழைந்து குழைந்து ஒரு தனிப் பாட்டே வாசித்துக்கொண்டிருந்திருக்கின்றன. பாடகி வரியை மறந்து நின்றாள். மாஸ்டரின் இடது கை கீபோர்டை விட்டு இறங்கி, சட்டைப் பைக்குள் போய்விட்டது.

அண்ணன் இப்போது திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். கிட்டாரும் பெட்டியும் அவரோடு போய்விட்டன. போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். வாசிப்பதே குறைந்துவிட்டது என்றார். "இங்க பனியே இல்ல கண்ணு. எதுத்து அடிக்க என்ன இருக்குது?"

ஏற்காட்டில் மாஸ்டர் மறுபடி இடது கையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். நான் நேராகச் சேலத்துக்குப் போனேன். "இந்த பேஸ் கிட்டாரு யாருக்கு கண்ணு?" என்று கடைக்காரர் கேட்டார். "எனக்குத்தானுங்க" என்று வாங்கி வந்துவிட்டேன்.

நேற்று மாலை பனி இறங்கியது. கொஞ்சம் பலமாகவே அடித்தேன்.