கொழுந்துத் தராசில் குறைந்த எடை

ராகலை,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய சண்முகவடிவு மதினி அவர்களுக்கு,

உங்கள் தம்பியின் மனைவி பிரியந்தினி வணக்கத்தோடு எழுதுவது. கொழும்பில் நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே மழை, குளிர், அட்டைக்கடி எல்லாம் சுகம். வாட்சப்பில் எழுதியிருக்கலாம்தான். எழுதினால் பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.

சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறது, ஏழு மாதமாக மாதவிலக்கு வராததற்கும் நான்கு வருடமாகப் பிள்ளை இல்லாததற்கும் அதுதான் காரணமாக இருக்கும், சீனியையும் கோதுமை மாவையும் குறைத்துக் கொஞ்சம் எடையை இறக்கினால் நல்லது என்று கிளினிக் டொக்டர் அம்மா சொன்னது இரண்டே நிமிடம். அதைக் கேட்டு நீங்கள் அனுப்பியது ஏழு பக்க அட்டவணை. தினமும் பத்தாயிரம் அடி நடக்கணுமாம்! மதினி, நீங்களும் இதே தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர்தானே? விடிந்ததும் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடி, மலை ஏறி, கொழுந்துப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு சறுக்கிச் சறுக்கி இறங்குகிறவளுக்கு நடக்கச் சொல்லிக் கொடுக்கிறீர்களே, இது உங்களுக்கே அடுக்குமா? போதாததற்குப் பச்சைத் தேயிலை வேறு. நாள் முழுக்கப் பச்சைக் கொழுந்தைக் கிள்ளுகிறவளுக்குக் கொழும்பிலிருந்து பார்சல், அதுவும் குட்டிக் குட்டிப் பையில் நூல் கட்டி! அவகாடோ சாப்பிடணும் என்று போட்டிருந்தது. என்னமோ ஏதோ என்று உங்கள் தம்பி நுவரெலியா வரைக்கும் பஸ் ஏறிப் போய் ஒன்றை வாங்கி வந்தார். பார்த்தால் நம்ம லயத்துக்குப் பின்னால் விழுந்து அழுகுதே, அந்தப் பட்டர் புரூட்!

உங்கள் அம்மா இன்னொரு தினுசு. காலையில் "உரல் மாதிரி உக்காந்திருக்கா பாரு, எப்புடிப் புள்ள உண்டாகும்?" என்பார். நான் மலைக்குக் கிளம்பும்போது, "வெறும் வயித்தோட மலை ஏறுனா மயக்கம் வராதா? இந்தா" என்று தேங்காய் ரொட்டி இரண்டை என் பையில் திணிப்பார். வேண்டாம் என்றால் நான் திமிர் பிடித்தவள். தின்றால் உடம்பை வளர்க்கிறவள். நான் என்னதான் செய்வது?

இனி அந்த எடைக் கதைக்கு வருகிறேன். வாராவாரம் எடை அனுப்பணும் என்று உத்தரவு போட்டீர்கள். தோட்டத்து மருந்துக்காம்பராவில் இருக்கிற தராசில் முள் அறுபதைத் தாண்டுவதே இல்லை, யார் ஏறினாலும் அறுபது. அதனால் மூன்றாம் வாரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை சதீஸ்குமாரிடம் கெஞ்சினேன். தராசுக் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கிக்கொண்டு தொங்கினேன். மானம் போனால் போகட்டும் என்றுதான். அவர் புத்தகத்தைப் பார்த்தபடியே, "அறுபத்தெட்டு!" என்று கத்தினார். கிளினிக்கில் எழுபத்திரண்டு, மதினி! பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள். நீங்களும் சொந்தக்காரர் குரூப்பில் போட்டுப் பெருமையடித்தீர்கள். அடுத்த வாரம் நல்ல மழை. "அறுபத்தாறு!" என்றார். அப்போதுதான் என் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிற வேலாயி அக்கா கேட்டார்:

"தம்பி, சாக்குக்கும் தண்ணிக்கும் கழிச்சியா?"

"ஆமாக்கா, பழக்கத்துல கழிச்சிட்டேன். போன வாரம் நாலு கிலோ. இன்னைக்கு ஈரம் கூட, அதான் ஆறு."

சிரிக்காதீர்கள். இத்தனை வருசமாக நான் பறித்த கொழுந்தில் கழித்தார்கள். இப்போது என்னிலேயே கழித்துவிட்டார்கள். அதாவது ஒரு கிலோகூடக் குறையவில்லை, வாயைக் கட்டினதெல்லாம் வீண்.

இதையும் பொறுத்திருப்பேன். போன வாரம் நீங்கள் உங்கள் தம்பிக்குப் போன் போட்டு, "ஆறு மாசம் பாரு தர்ஷன். எறங்கலன்னா வேற மாதிரிதான் யோசிக்கணும்" என்று சொன்னீர்களே, லயத்துச் சுவர் எத்தனை மொத்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? அவர் போனை ஸ்பீக்கரில் போட்டதில் அடுத்த காம்பராவில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. அவர் "அக்கா சும்மா சொல்லுது" என்கிறார். எனக்குப் பிள்ளை ஆசை இல்லையா? உங்களைவிட எனக்குத்தானே அதிகம்? ஆகவே இன்றோடு முடிந்தது. அட்டவணையைப் போனிலிருந்து அழித்துவிட்டேன். இனி என் வயிற்றைப் பற்றி யாரும் வாயைத் திறக்க வேண்டாம். வேற மாதிரி யோசிக்கிறவர்கள் தாராளமாக யோசிக்கட்டும்.

அண்ணனுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். கதிரேசன் சாமி உங்கள் வீட்டுக்கு எல்லா நலமும் தரட்டும், கொஞ்சம் வாய் அடக்கமும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி,
பிரியந்தினி

பி.கு.: செவ்வாய்க்கிழமை. தபாலில் போடாமல் வைத்திருந்தேன். நேற்றுக் கிளினிக்கில் உண்மையான தராசு எழுபது என்று காட்டியது, ஒரு பிடி கழிக்காமல். இன்று காலை மாத்திரை ஒன்றும் இல்லாமல் தானாகவே மாதவிலக்கு வந்துவிட்டது. ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு, மதினி! கக்கூசுக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அந்த அட்டவணையை மறுபடியும் அனுப்புங்கள், ஏழு பக்கமும் வேண்டும். உங்கள் தம்பிக்கோ அம்மாவுக்கோ நான் இன்னும் சொல்லவில்லை. முதலில் யாரிடம் சொல்வது என்று யோசித்தபோது உங்கள் முகம்தான் வந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியாத எரிச்சல்.