ஐம்பது கிராமுக்குள்

கிராம் பார்ப்பவர்கள் என்றொரு இனம் உண்டு. இணையத்தில் கையடக்கச் சாமான் விற்கும் வீடுகளில் வசிப்பது. தபாலில் ஐம்பது கிராம் வரை ஒரு கட்டணம், தாண்டினால் அடுத்த கட்டணம் என்ற ஒரே வரியை வேதமாகக் கொண்டது. திருவொற்றியூர் ஜெயஸ்ரீ இந்த இனத்தின் தலைவி. எண்ணூரில் ஒரு மின்நிலையத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் இன்ஜினியர். கேட்க வேண்டுமா?

அவளும் அவள் அப்பா, மிக்ஸி மெக்கானிக் கருணாகரனும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு கவரை எடை போட்டது. உள்ளே பழைய மாடல் மிக்ஸிக்கு, ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் இரண்டு. நகைத் தராசு 50.7 காட்டியது.

“இன்னாமா சொல்லுது?”

“தாண்டுதுப்பா. டேப்ப இழுத்து இழுத்து ஒட்டிக்கீற.”

“அட போம்மா. ஆரணில அந்தம்மா மிக்ஸி ஓடாம இட்லிக் கடைய மூடிட்டு குந்திகினு கீது. மேல ஆவுற காச நான் குடுத்துக்கறேன்.”

“நாளைக்கு மெலிசு கவர் வந்துரும்பா. ஒரு நாள்ல இன்னா ஆயிடப் போவுது?”

மறுநாள் காலை அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுமுன் எல்லாம் முடிந்தது. மெலிசு கவர் மதியம் வந்தது.

பால் தெளித்த மறுநாள், மேசைமேல் அந்தக் கவர் அப்படியே கிடந்தது. கொஞ்சமாவது ரோஷம் உள்ளவர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். ஜெயஸ்ரீ தராசில் வைத்தாள். மெலிசு கவருக்கு மாற்றக் கை வரவில்லை. முகவரி அப்பாவின் கையெழுத்து. அதனால், கடல் காற்றில் காகிதம் ஈரம் குடிக்கும் என்று தான் படித்த படிப்பை நினைவுகூர்ந்து, இஸ்திரிப் பெட்டியை மிதமாகச் சூடாக்கி, ஓரம் ஓரமாகத் தேய்த்து, 49.8க்கு இறக்கி, மறுபடி ஈரம் ஏறாமலிருக்க அரிசி டப்பாவில் புதைத்து, அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் தபால் நிலையம் போனாள். ஆட்டோவுக்கு எழுபது ரூபாய். சிரிக்கிறீர்களா? பாதி வழியில் அவளுக்கே சிரிப்பு வந்தது. பிறகு வேறொன்று வந்தது. டிரைவர் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டார்.

கவுன்டரில் தாஹிரா மேடம் கவரை வைத்துப் பார்த்தார். “ஐம்பத்தொண்ணு.”

“ஃபேன நிறுத்திட்டுப் பாருங்க மேடம். காத்துல ஆடுது.”

“ஃபேனு நாலு மாசமா ஓடல. டேப்புல அரிசி ஒண்ணு ஒட்டிகினு கீது பாரு.”

எடுத்தாள். அப்போதும் ஐம்பத்தொன்று.

பின்னால் நின்ற மீன்காரம்மா பொறுமையிழந்தார். “அய்ய, இன்னா தங்கமா அனுப்புற? துட்டக் குட்த்துட்டு நவுரும்மா, பேஜாரு பண்ணாத!”

அந்த நேரத்தில் அவள் பையிலிருந்த அப்பாவின் போன் அடித்தது.

“அண்ணே, அனுப்பிட்டீங்களா? நாலு நாளா அடுப்பே பத்த வெக்கல.”

“நான் அவர் பொண்ணு பேசறேங்க்கா. இப்பதான் போடறேன்.” நோட்டை எடுத்து கவுன்டரில் வைத்தாள். மீதியைக்கூட எண்ணவில்லை.

“அண்ணன் இல்லையாம்மா?”

“இல்லக்கா. செவ்வாக்கிழம தவறிட்டாரு.”

“ஐயோ சாமி... திருகு எந்தப் பக்கம் சுத்தணும்னு ஒனக்குத் தெரியாது, மாட்டுறப்ப போன் போடு, கூடவே இருந்து சொல்றேன்னாரேம்மா.”

மீன்காரம்மா ஓரடி பின்னால் நகர்ந்தார்.

இதைப் படித்துக்கொண்டே, கப்ளர்களைக் கவருக்குப் பதில் பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்தால் ஐம்பதுக்குள் அடங்கியிருக்குமே என்று உங்களில் யாராவது நினைத்தீர்களா? ஜாக்கிரதை. உங்கள் வீட்டு மேசைமேல் எது கிடக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள்.

கவர் ஆரணிக்குப் போய்விட்டது. கப்ளரை எந்தப் பக்கம் திருப்புவது என்று அப்பா இன்னும் சொல்லவில்லை.