கிள்ளானில் நான் கேட்ட கேள்வித்தாள்

சந்தேகப்படுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. அவனுக்கு ஆதாரம் தேவையில்லை. எதிரில் இருப்பவன் தும்மினால் போதும். எதற்காகத் தும்மினான் என்று அன்று முழுக்க யோசிப்பான். இருபதுகளில் நான் அப்படிப்பட்டவன். (இப்போது திருந்திவிட்டேன் என்று நான் சொல்கிறேன், என் மனைவி சொல்வதில்லை.)

தொண்ணூறுகளின் கடைசி அது. கோலாலம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் நானும் தனபாலனும் வேலை பார்த்தோம். வங்கி, தொழிற்சாலை என்று போய்க் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுக்கும் வேலை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியில் ஒரே அறையில் குடியிருந்தோம். நெட்வொர்க் டிசைன் பிரிவில் ஓர் இடம் காலியானது. ஏணியில் ஏறி வயர் இழுக்கிற பிழைப்பு போய், ஏர்கான் அறையில் உட்கார்ந்து எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று படம் போடுகிற உத்தியோகம். அதற்கு ஒரு மேல்நிலைத் தேர்வு எழுத வேண்டும். முதலில் பாஸ் பண்ணுகிறவனுக்குத்தான் இடம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

இருவரும் சேர்ந்தே படித்தோம். ஒரு கம்பெனிக்கு ஊரெல்லாம் கிளைகள். எந்த லைன் அறுந்தாலும் வேலை நிற்கக்கூடாது, செலவும் எகிறக்கூடாது. இதற்கு ஒரு டிசைன் போடு என்பார்கள். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் வரைந்து சுவரெல்லாம் ஒட்டினோம். தனா எளிமையாக வரைவான். நான் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு மாற்று லைன், அதுவும் அறுந்தால் இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போவேன். என் படங்கள் இடியாப்பம் மாதிரி இருக்கும்.

“எதுக்குடா இத்தனை லைன்?” என்பான் தனா.

“எதையும் நம்பக்கூடாது லா,” என்பேன்.

அந்த நேரத்தில் ஆபீஸில் ஒரு பேச்சு கிளம்பியது. பக்கத்து ஊரான கிள்ளானில் யாரோ ஒருவரிடம் அந்தத் தேர்வின் உண்மையான கேள்விகள் இருக்கின்றனவாம். யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. (அப்படி ஓர் ஆளே இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது.) அதே வாரம் தனா கிள்ளானுக்குப் போனான். பெரியம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றான். அடுத்த சனிக்கிழமையும் போனான். நான் அறைக்குள் நுழைந்தால் போனில் குரலைத் தாழ்த்தினான். தேர்வு நெருங்கிய ஒரு சனிக்கிழமை, மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வாங்கிய புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று விசிலடித்தான். நோயாளியைப் பார்க்கப் போகிறவன் விசிலடிப்பானா? கேள்விகள் கைக்கு வரப்போகின்றன என்று முடிவு செய்தேன்.

பின்னாலேயே கிளம்பினேன். கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலில் அவன் ஒரு பெட்டி, நான் அடுத்த பெட்டி. முகத்தை மறைக்க ஒரு மலாய்ப் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டேன். எதிரே இருந்த பெரியவர் அதன் கடைசிப் பக்கத்துக் கால்பந்துச் செய்தியைப் படித்துக்கொண்டே வந்தார். நான் மடக்கப் போனபோது, இன்னும் முடிக்கவில்லை என்று கண்டிப்பாகச் சொன்னார்.

கிள்ளானில் இறங்கிய தனா கடைத்தெருவைத் தாண்டி ஒரு வரிசை வீட்டுக்குள் நுழைந்தான். வாசலில் ஏகப்பட்ட செருப்புகள். இத்தனை பேரா கேள்வி வாங்க வந்திருக்கிறார்கள் என்று எனக்கு வயிறு எரிந்தது. பூச்சட்டிகளுக்கு நடுவே ஜன்னலோரம் குனிந்து நின்றேன்.

“பத்துல எட்டு வந்துருச்சு. இது போதும், பாஸ்தான்,” என்றது ஓர் ஆண் குரல்.

“முடியிற வரைக்கும் வெளியில யாருக்கும் தெரிய வேணாம்,” என்றது ஒரு பெண் குரல்.

இதற்குமேல் என்ன வேண்டும்? உள்ளே பாய்ந்தேன். கூடம் நிறைய ஆட்கள். தட்டுகளில் பழம், வெற்றிலை, கேசரி. கேள்வித்தாள் விற்கிறவர்கள் கேசரி கிண்டுவார்களா என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

“ரெண்டு மாசமா நானும் இதுக்காகத் தூங்காம அலையிறேன். அவனுக்கு மட்டும் கொடுத்தா எப்படி? எனக்கும் வேணும்,” என்றேன்.

வீட்டுக்காரர் மெதுவாக எழுந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்த உடம்பு. முதலில் என்னைப் பார்த்தார், பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார்.

“தம்பி, எம்பொண்ண உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஓகோ, விற்பது மகள்தான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். “நேர்ல பார்த்ததில்ல அங்கிள். ஆனா எங்க ஆபீஸ்ல பேசாத ஆளே இல்ல.”

அந்த வீட்டு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நோயாளி என்று சொல்லப்பட்ட பெரியம்மா நல்ல ஆரோக்கியத்தோடு என்னை முறைத்தார். தனா என்னையும் சமையலறையையும் மாறி மாறிப் பார்த்தான். என் வாழ்க்கையில் அவன் முகத்தில் சந்தேகத்தைப் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

சமையலறையிலிருந்து அந்த வீட்டுப் பெண் கலைவாணி வெளியே வந்தாள். காப்பித் தட்டை யார் கையிலோ கொடுத்துவிட்டு நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

“உங்களுக்கு என்ன வேணும்? தெளிவாச் சொல்லுங்க.”

“நெட்வொர்க் டிசைன் கேள்வித்தாள்,” என்றேன்.

மூலையில் இருந்த சோசியர் கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, இங்க நாங்க பார்த்தது கல்யாணப் பொருத்தம். பத்துல எட்டு.”

புதுச் சட்டை, விசில், ரகசியப் போன். அத்தனை தடயங்களையும் சரியாகச் சேகரித்துவிட்டுத் தப்பான விடை எழுதியிருக்கிறேன்.

எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். கலைவாணியின் அப்பா சிரிக்கவில்லை. கூட இருக்கிற சிநேகிதனே கேள்வித்தாள் திருடன் என்று நினைக்கிற ஆளுக்கா நாம் பெண் கொடுப்பது என்று கேட்டார். பெரியம்மா தட்டுகளை எடுத்துவைக்கப் போனார். நான் அவரை மறித்துக்கொண்டு மன்றாடினேன். தனா ஆளில்லாத ரோட்டில்கூடச் சிவப்பு விளக்குக்கு நிற்பான்; போட்டியில் இருக்கும் என் படங்களையே திருத்திக் கொடுப்பான்; பொய் சொல்லத் தெரியாததால்தான் பெரியம்மா பொய்யை இவ்வளவு மோசமாகச் சொன்னான் என்றேன்.

“இவ்வளவு நல்லவருன்னா, எதுக்குப் பின்னாலயே வந்தீங்க?” என்று கேட்டாள் கலைவாணி.

என் பதிலுக்குக் காத்திராமல் அவள் அப்பாவிடம் திரும்பினாள். “இந்தாளு இவ்வளவு கூத்தடிச்சும் அவரு ஒரு வார்த்தை கத்தல. எனக்குச் சம்மதம்பா.”

திரும்பும் ரயிலில் தனா விஷயத்தைச் சொன்னான். முன்பு அவனுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்து தட்டிப்போனதாம். மறுபடியும் ஊர் பேசுமே என்று பயந்துதான் யாரிடமும் சொல்லவில்லையாம். “நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்டா,” என்றான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தேர்வில் சுலபமான கேள்வி ஒவ்வொன்றிலும் ஏதோ சூது இருக்கிறது என்று சுற்றி வளைத்து விடை போட்டேன். முடித்த கையோடு திரையில் முடிவு வந்தது. அவன் பாஸ், நான் ஃபெயில். அவன் போட்ட படங்களுக்கு நான் ஏணியில் ஏறி வயர் இழுத்தேன், அடுத்த முறை எழுதிப் பாஸ் பண்ணும்வரை.

தனா வீட்டில் இன்றைக்கும் எதையாவது இரண்டாம் முறை கேட்டால், “அவனுக்கு மட்டும் கொடுத்தா எப்படி? எனக்கும் வேணும்” என்று என் குரலில் கேட்க வேண்டும். அவன் மகள்களுக்கு மனப்பாடம். போன தீபாவளிக்கு, கல்யாணமாகி வந்த புது மாப்பிள்ளை விவரம் தெரியாமல் ஆட்டிறைச்சிப் பிரட்டலைக் காட்டி, “எனக்கும் வேணும்” என்றுவிட்டான். மேசையே குலுங்கச் சிரித்தார்கள். அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, இதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்தான்.

எனக்கு அவனை மிகவும் பிடித்துப்போயிற்று.