நாக்கில் ஒட்டும் ராசி

போக்கர் என்பது அமெரிக்கப் படகுகளில் பொழுது போகாதவர்கள் ஆடிய சீட்டாட்டம். பிறகு, எல்லோருக்கும் பந்தயம் கட்ட ஒரே அளவு வில்லை கொடுத்துக் கடைசி ஆள் மிஞ்சும்வரை ஆடும் போட்டியானது. டிவிக்கு வந்தது. செல்போனுக்கு வந்தது. விருத்தாசலத்துக்கு வந்தபோது கூடவே ஒரு சித்தரும் வந்தார்.

பெயர் சீட்டுச் சித்தர். இயற்பெயர் கலியமூர்த்தி. பீங்கான் சாமான் செய்யும் செராமிக் எஸ்டேட்டில் மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டு ஞானம் அடைந்தவர். ஞாயிறானால் திட்டக்குடி பஸ்ஸும் சேத்தியாத்தோப்பு பஸ்ஸும் கூட்டத்தை அவர் வாசலில்தான் கொட்டும். அத்தனை பேரும் கோவாவில் நடக்கும் போக்கர் போட்டியில் முதல் பரிசு வாங்கப்போகிறவர்கள். முதல் பரிசு ஒன்றுதான் என்பதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

சோதனை எளிது. கண்ணை மூடி நாக்கை நீட்ட வேண்டும். சித்தர் குங்குமப் பொட்டு வைத்த பீங்கான் வில்லை ஒன்றை வைப்பார். விழுந்தால் ராசி இல்லை. காணிக்கை கொடுத்துப் பூஜை செய்தபின் வைத்தால் ஒட்டும். காணிக்கை கொடுத்த எவருக்கும் ஒட்டாமல் போனதில்லை. தெய்வம் அவ்வளவு நாணயமானது.

பீங்கான் சூளையில் வேலை பார்க்கும் காஸ்பருக்குப் போன வாரம் விழுந்துவிட்டது. இந்த வாரம் காணிக்கையாக மொபெட்டையே ஓட்டிவந்தார். அவர் வேலைக்குப் போவதும் மகள் ஆன் மேரி ஸ்கூலுக்குப் போவதும் அந்த ஒரே வண்டியில்தான். ஆர்.சி. புத்தகத்தையும் சாவியையும் தட்டில் வைத்தார். பூஜை நடந்தது. வில்லை ஒட்டியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அப்போது காஸ்பரின் மனைவி ஜெசி, அதே எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்த கையோடு பையுடன் வந்தாள்.

"எனக்கும் பாருங்க சாமி."

"காணிக்கை வெச்சியாம்மா?"

"இல்லீங்க. வில்லை நானே கொண்டாந்திருக்கேன்."

பையிலிருந்து ஓர் உடைந்த துண்டை எடுத்து நாக்கில் வைத்தாள். ஒட்டியது. வரிசையில் முதலில் நின்ற கோவிந்தராசுவிடம் ஒன்றைக் கொடுத்தாள். பூஜை இல்லாமலே அவருக்கும் ஒட்டியது.

"இது எந்தக் கோயில் வில்லைம்மா?" என்றார் அவர், பக்தியோடு.

"கக்கூஸ் பீங்கானுங்க. ஒருதரம் சுட்டது, மேல பளபளன்னு வர்ற கிளேஸ் இன்னும் பூசல. ஈரத்த இழுக்கும், அதான் ஒட்டுது. பூசிட்டா வழுக்கி வுழுந்துடும். ரெண்டு தினுசும் சாமி மடியில இருக்குது, பாருங்க."

கோவிந்தராசு வாயைத் துடைத்துக்கொண்டு சித்தர் மடியில் கைவிட்டார். இரண்டு சுருக்குப் பைகள் வந்தன. ஒன்றில் பளபளப்பு, இன்னொன்றில் சொரசொரப்பு.

ஜெசி கணவன் பக்கம் திரும்பினாள். "இருவது வருஷமா இதத்தான சுடுறீங்க? குங்குமம் வெச்சதும் தெரியாம பூடுச்சா?"

 காஸ்பரின் நாக்கில் வில்லை இன்னும் இருந்தது.

சித்தர் எழுந்து மொபெட்டை நோக்கி வேகமாக நடந்தார். சாவி அதற்குள் ஜெசியின் கைக்குப் போயிருந்தது.

கூட்டத்திலிருந்து ஆன்றோ என்ற வாலிபன் மெல்ல முன்னால் வந்தான். கோவா டிக்கெட் எடுத்துவிட்டவன்.

"அக்கா, அந்தத் துண்டுல ஒண்ணு குடுங்க. பூஜை இல்லாமலே ஒட்டுதே, இதுக்குத்தான் பவர் ஜாஸ்தி!"

ஜெசி ஒரு துண்டை அவனிடம் நீட்டினாள்.

"எடுத்துக்க தம்பி. ஆனா சீட்டு உன் நாக்கப் பாத்து வராது, கலைக்கிறவன் கையிலேருந்துதான் வரும். நாக்க உள்ள இழுத்துக்கிட்டு, ஒரு நிமிஷம் யோசி."