சிக்ஸர் சுரேந்தரின் பொன்தொண்டை

இந்தியாவின் பேஸ்பால் தலைநகரம் ஓசூர்தான். இந்த உண்மையை உலகம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. உலகத்துக்கு நாங்கள் அவகாசம் கொடுத்திருக்கிறோம்.

'நாங்கள்' என்பது 'எல்லை எஃப்.எம்.' நிலையத்தின் விளையாட்டுப் பிரிவு. அந்தப் பிரிவின் தலைவர் நான். ஒரே உறுப்பினரும் நான். பெயரில் எஃப்.எம். இருக்கிறதே தவிர எங்களுக்கு அலைவரிசை எதுவும் கிடையாது. கைப்பேசியில் கேட்கிற இணைய வானொலி. பாகலூர் சாலையில் ஒரு பேக்கரியின் மாடியிலிருந்து ஒலிபரப்புகிறோம். கீழே பன் வெந்தால் மேலே செய்தி வாசிப்பவருக்கு வாய் ஊறும். எங்கள் செய்திகளில் எப்போதும் ஓர் ஈரம் இருப்பதாக நேயர்கள் பாராட்டுவது அதனால்தான்.

நிலையத்தின் மணிமகுடம் சுரேந்தர். நேயர்களுக்கு 'சிக்ஸர்' சுரேந்தர். கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் அவருடைய "வணக்கம்ம்ம் ஓசூர்ர்ர்!" காதில் விழுந்த பிறகுதான் தூங்கவே ஆரம்பிப்பார்கள். பந்து ஒருவர் கையை விட்டு இன்னொருவர் மட்டைக்குப் போவதற்குள் விளம்பரதாரர் பெயரை மூன்று தடவை சொல்லிவிடும் வல்லமை படைத்தவர். வாழ்க்கையில் எந்த விளையாட்டையும் விளையாடியதில்லை. ஆகவே எந்த விளையாட்டின் மீதும் அவருக்குப் பாரபட்சம் கிடையாது.

போன வருடம் 'ஏக்கம்' சந்தைக்கு வந்தது. பெங்களூர் வானொலிகள் எல்லாம் பழைய மேட்ச், பழைய வர்ணனை, பழைய கைதட்டல் என்று போட்டு நேயர்களை அழவைத்துக்கொண்டிருந்தன. எங்கள் நிலைய இயக்குநர் ஜெயப்ரியா மேடம் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"நமக்குன்னு ஒரு பொற்காலம் வேணும்."

"எப்ப வேணும் மேடம்?" என்று கேட்டேன்.

"திங்கக்கிழமைக்குள்ள."

தேடினேன். கிடைத்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு தொழிற்சாலைக்கு மெஷின் பொருத்த வெளிநாட்டு இன்ஜினியர்கள் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது போகாமல், அங்கே வேலை பார்த்த பெண்களுக்குப் பேஸ்பால் கற்றுக்கொடுத்தார்கள். பெண்கள் பெங்களூர் கல்லூரி அணி ஒன்றை ஒரு ஞாயிறு வரவழைத்துத் தோற்கடித்தார்கள். மெஷின் ஓடத் தொடங்கியதும் இன்ஜினியர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், மட்டைகள் தங்கிவிட்டன. கெலமங்கலம் சாலையோரம் ஒரு திடலில் அந்தப் பெண்கள் இன்னமும் ஞாயிறு தவறாமல் ஆடுகிறார்கள். இன்னமும் நடக்கிற ஒன்றுக்கு ஏங்குவது எப்படி என்று எனக்குச் சிறு தயக்கம் இருந்தது. மேடம் அதைத் தீர்த்துவைத்தார்.

"அவங்க ஆடறது யாருக்குத் தெரியும்?"

'அந்த நாள் பேஸ்பால்' நிகழ்ச்சி தொடங்கியது. முதல் நாளே தொலைபேசி ஓயவில்லை. உத்தனப்பள்ளியிலிருந்து ஒருவர், அந்த மேட்சை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லித் தேம்பினார். திடலில் வரிசையே கிடையாது. இன்னொருவர் கடைசி விக்கெட் விழுந்ததை விவரித்தார். பேஸ்பாலில் விக்கெட்டும் கிடையாது. மூன்றாவதாகப் பேசியவருக்கு அந்த மேட்ச் நடந்தபோது பிறக்க நேரம் வாய்த்திருக்கவில்லை. இருந்தும் வெயில் நினைவிருக்கிறது என்றார். நினைவு என்பது எவ்வளவு பெரிய கூட்டு முயற்சி என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

பிறகு ஒரு பிழை செய்தோம். உண்மையாகவே ஆடிய ஒருவரை ஸ்டூடியோவுக்கு அழைத்தோம். அன்று பந்து எறிந்தவர் நாராயணம்மா. இப்போது கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் ரோஜா போட்டிருக்கிறார். பூ பறித்த கையோடு வந்து மைக் முன்னால் உட்கார்ந்தார்.

"அந்தப் பொன்னான தருணத்தைச் சொல்லுங்கம்மா!" என்று சுரேந்தர் உருகினார்.

"ஜெயிச்சோம்," என்றார் நாராயணம்மா.

"மெய்சிலிர்த்திருக்குமே?"

"வெயிலுப்பா. யாருக்கு சிலிர்க்கும்? தண்ணி கூட பத்தல."

"இருபதாயிரம் பேர் பார்த்ததாகச் சொல்கிறார்களே!"

"ஈயெல்லாம் சேத்து எண்ணுனாங்களா? வாட்ச்மேன் ஒருத்தரு, ரெண்டு எருமை. எருமைங்க பாதியிலயே எந்திரிச்சி போயிடுச்சி."

நிகழ்ச்சி முடிந்ததும் ஆய்வுக் கூட்டம் நடந்தது. நாராயணம்மாவின் நினைவாற்றல் 'ஒலிபரப்புத் தரத்தில் இல்லை' என்று முடிவாயிற்று. ஆனால் அவருடைய கரகரத்த குரல் நேயர்களுக்குப் பிடித்துவிட்டது. குரல் வேண்டும், ஆள் வேண்டாம். இந்த நெருக்கடியில்தான் பூபதி எங்களுக்குக் கிடைத்தான்.

பூபதி காவேரிப்பட்டினத்துக்காரன். சிப்காட்டில் லேத் ஆபரேட்டர். கேன்டீனில் சூப்பர்வைசர் குரலில் "யாருய்யா அங்க?" என்பான், சூப்பர்வைசரே எழுந்து நிற்பார். ஒருநாள் ஷிப்ட் சங்கு மாதிரி ஊதப்போய் பாதி லைன் கார்டு அடித்து வெளியேறிவிட்டதாகச் சொல்வார்கள்.

நாராயணம்மா குரலை எப்படிப் பிடிப்பாய் என்று கேட்டேன்.

"தொண்டையில ஒண்ணும் இல்ல சார். ஒரு ஆளு எங்க மூச்சு வாங்குறாங்க, எந்த வார்த்தைய சொல்ல வந்து முழுங்கிடறாங்க, அத பாக்கணும். அப்புறம் குரலு தானா வந்துடும்."

அதற்காக அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் திடலுக்குப் போய் வெளியே விழுகிற பந்தைப் பொறுக்கிப் போட்டான். எதற்கு வந்திருக்கிறான் என்று நாராயணம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"எங் குரல எடுத்துக்கோப்பா, அது என்னா தேஞ்சா போயிடும்?" என்றாராம். "ஆனா நான் சொல்லாதத எங் குரல்ல சொல்லிடாத."

இது ஒப்பந்தத்தில் இல்லாத நிபந்தனை என்பதால் நிலையம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பூபதியின் நாராயணம்மா அசல் நாராயணம்மாவைவிட நன்றாக இருந்தது. மெய் சிலிர்த்தது, கண் கலங்கியது, விளம்பர இடைவேளைக்குச் சரியாக நின்றது. அத்தோடு இன்னொரு பயனும் விளைந்தது. சுரேந்தர் காலையில் எழுந்திருக்கச் சிரமப்படுகிற கலைஞர். அவர் வராத நாட்களில் பூபதியே "வணக்கம்ம்ம் ஓசூர்ர்ர்!" சொல்லத் தொடங்கினான். ஒரு நேயர்கூடச் சந்தேகப்படவில்லை. அந்த நாட்களில் சுரேந்தர் கொஞ்சம் புத்திசாலித்தனமாகப் பேசுவதாக மட்டும் ஓரிரு கடிதங்கள் வந்தன.

இப்படி இருக்கையில்தான் வெங்கடசாமி எங்கள் புரவலரானார். 'தங்கக்கூரை கிடங்குகள்' அதிபர். ஒரு காலத்தில் அந்தத் திடலைச் சுற்றி மனை போட்டு விற்றவரும் அவரே. "எதிரே நிரந்தர விளையாட்டுத் திடல்" என்று அன்று விளம்பரம் கொடுத்திருந்தார். நிரந்தரம் முடிந்துவிட்டதால் இப்போது திடலில் கிடங்கு கட்ட இருந்தார்.

"நெனவுதான் சார் முக்கியம். எடம் வெறும் மண்ணு," என்றார் என்னிடம். கண்கள் பனித்திருந்தன. "கிடங்குக்கு 'பேஸ்பால் பிளாக்'னே பேரு வெக்கறேன். வாசல்ல மட்ட மாதிரி ஆர்ச்சு. லாரிங்க அதுக்கு அடியில பூந்துதான் வரணும்."

ஒரு விளையாட்டுக்கு இதைவிடப் பெரிய மரியாதை எந்த நாட்டிலும் செய்யப்பட்டிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பூமி பூஜை. திடலிலிருந்தே நேரலை. சுற்றிலும் ஒலிபெருக்கி. நிகழ்ச்சியின் உச்சமாக நாராயணம்மா, "இடம் போனால் என்ன, நினைவு போதும்" என்று சொல்லிக் கிடங்கை வாழ்த்த வேண்டும். மரியாதைக்காக முதலில் நாராயணம்மாவையே கேட்டேன்.

"நெனவுல எங்கப்பா ஓடறது?" என்றார். "கால் வெக்க எடம் வேணும்ல?"

மேற்கொண்டு விவாதிக்க அவர் தயாராக இல்லை. எனவே அந்தப் பகுதி பூபதியிடம் ஒப்படைக்கப்பட்டது. எழுதிக்கொடுத்ததை அவன் வாங்கிப் படித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவன் அவ்வளவு அடக்கமானவன் என்று மகிழ்ந்தேன்.

பூஜை அன்று காலை ஒரு சோதனை. 'வணக்கம்ம்ம்' என்பதன் 'ம்'மை நீட்டி நீட்டி ஒத்திகை பார்த்ததில் சுரேந்தருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் பழைய டவுன் பஸ் பிரேக் பிடிக்கிற சத்தம்தான் வந்தது. ஜெயப்ரியா மேடம் நிலைகுலையவில்லை. சுரேந்தர் மேடையில் அணைத்த மைக்கோடு நின்று வாயசைப்பார்; ஒலிபரப்பு வேனுக்குள் இருந்து பூபதி பேசுவான். சுரேந்தரும் அவனே, நாராயணம்மாவும் அவனே. கேள்வி கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் இடையே இவ்வளவு ஒற்றுமை இதழியல் வரலாற்றில் இதற்கு முன் இருந்ததில்லை.

முள்வேலிக் கம்பங்கள் வந்து இறங்கியிருந்தன. நாராயணம்மாவும் கூட ஆடுகிறவர்களும் வழக்கம்போல மட்டையோடு வந்து, கம்பங்களைப் பார்த்துவிட்டு ஓரமாக நின்றார்கள். வெங்கடசாமி பட்டு வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"வணக்கம்ம்ம் ஓசூர்ர்ர்!" திடல் அதிர்ந்தது. மேடையில் சுரேந்தர் கச்சிதமாக வாயசைத்தார். "நாராயணம்மா! இந்த இடத்தப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க!"

வேனுக்குள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூபதி மூச்சை இழுத்து, நாராயணம்மா குரலுக்கு மாறி, வாயைத் திறந்தான். வேனின் கண்ணாடி வழியே நிஜ நாராயணம்மா தெரிந்தார். தன் குரல் எங்கிருந்து வரப்போகிறது என்று ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பூபதி வாயை மூடிக்கொண்டான். ஒலிபரப்பில் வெறுமை. தாளைக் காட்டிச் சைகை செய்தேன். அவன் தாளைக் கவிழ்த்து வைத்தான்.

பிறகு அவன் வாயிலிருந்து பேசியது 'சிக்ஸர்' சுரேந்தர்.

"நாராயணம்மா பேச மாட்டாங்க. ஏன்னா அவங்க சொல்லாதத எழுதி வெச்சிருக்கோம். இந்த நிகழ்ச்சியில இதுவர அவங்க பேசுன மாதிரி கேட்டதெல்லாம் நாங்க எழுதுனதுதான். இது பழைய மேட்ச் நடந்த எடம் இல்லீங்க. இப்ப மேட்ச் நடக்கிற எடம். எதிருல நிரந்தரமா விளையாட்டுத் திடல் இருக்கும்னு சொல்லித்தான் வெங்கடசாமி சார் உங்களுக்கு மனை வித்தாரு. ஊரெல்லாம் போன் போட்டு நடக்காததெல்லாம் ஞாபகம் இருக்குன்னு சொன்னீங்களே, இது யாருக்காவது ஞாபகம் இருக்குதா? இருந்தா எறங்கி வாங்க."

மேடையில் சுரேந்தர் பழக்கதோஷத்தால் கடைசி வரை வாயசைத்துவிட்டார். 'எறங்கி வாங்க'வுக்குக் கையைக்கூட உயர்த்தினார்.

ஒலிபரப்பை நிறுத்துகிற பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை அழுத்தும் அதிகாரம் விளையாட்டுப் பிரிவுக்கு உண்டா, தொழில்நுட்பப் பிரிவுக்கு உண்டா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் சுற்றியிருந்த வீட்டு மாடிகளில் கதவுகள் திறந்தன. மனை வாங்கியவர்கள் இறங்கி வந்தார்கள். ஒருவர், "நியாபகம் இருக்குது! நல்லா இருக்குது!" என்று லுங்கியோடு ஓடிவந்தார். இரவு ஷிப்ட் முடிந்து வந்த கம்பெனி பஸ் இரண்டு சாலையோரம் நின்றன. பஸ்ஸுக்குள்ளும் எங்கள் நிலையம்தான் பாடிக்கொண்டிருந்தது. கன்னடத்தில் ஒருவர் காரணம் கேட்க, தெலுங்கில் ஒருவர் விளக்க, தமிழில் எல்லாரும் கத்தினார்கள். அய்யர் மந்திரத்தைப் பாதியில் நிறுத்தித் தேங்காயைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இன்னாயா பேசற நீ?" என்று வெங்கடசாமி சுரேந்தரிடம் சீறினார். சுரேந்தர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிரேக் பிடித்தது. பேசியது தானில்லை என்று சொல்ல வேண்டுமானால், எத்தனையோ நாள் காலையில் பேசியதும் தானில்லை என்று சொல்லியாக வேண்டும். வாயை மூடிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார். கூட்டம் அதை வீரம் என்று எடுத்துக்கொண்டது.

நாராயணம்மா மட்டும் மேடையைப் பார்க்கவில்லை. வேனுக்கு வந்து கதவைத் தட்டினார்.

"வெளிய வாப்பா. ஒரு ஆளு கொறையுது. ஆடறியா?"

பூபதி ஹெட்போனைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். கம்பங்களைப் பெண்கள் ஓரமாக உருட்டிவிட்டார்கள். கூட்டம் சுற்றி நிற்க ஆட்டம் தொடங்கியது. விதி ஒன்றும் புரியாமலே எல்லாரும் கைதட்டினார்கள்.

கிடங்கு வேறு எங்கோ போயிற்று. மனைக்காரர்கள் சங்கம் அமைத்துத் திடலுக்குப் பெயர்ப்பலகை வைத்தார்கள். 'எழுதிக்கொடுத்ததை மீறியது' என்ற குற்றத்துக்காகப் பூபதி நிலையத்திலிருந்து நீக்கப்பட்டான். அவன் அதை ஜெயப்ரியா மேடம் குரலில் அவருக்கே திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுப் போனதாகக் கேள்வி. சுரேந்தருக்குச் சங்கத்தின் சார்பில் திடலிலேயே பாராட்டு விழா. 'மக்களின் பொற்குரல்' பட்டம், சால்வை, ஆளுயர மாலை.

விழாவில் கூட்டம் ஒரே ஒரு கோரிக்கை வைத்தது.

"சார், அன்னைக்கு பேசுனத இன்னொரு தடவ பேசுங்க சார்!"

சுரேந்தர் மைக்கைப் பிடித்தார். தொண்டை சுத்தமாகச் சரியாகியிருந்தது. கூட்டத்தில் யாரையோ தேடினார். பூபதி தூரத்தில் பந்து பிடித்துக்கொண்டிருந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. சுரேந்தர் கனைத்தார். சிரித்தார். பிறகு, இந்த விழாவுக்குக் குளிர்பானம் வழங்கிய நிறுவனத்தின் பெயரை மூன்று தடவை சொன்னார்.

அவருக்கான பாராட்டுரையை எழுதும் பொறுப்பு விளையாட்டுப் பிரிவுத் தலைவர் என்ற முறையில் எனக்கு வந்தது. ஒரு மனிதரின் நீண்ட சேவையைச் சில வரிகளில் அடக்குவது எளிதல்ல. இருந்தும் உண்மைக்கு மாறாக ஒரு சொல்லும் இல்லாமல் எழுதி, மேடையில் வாசித்தும் விட்டேன்:

"எங்கள் நிலையம் தொடங்கிய நாள் முதல் சுரேந்தரின் குரலில் பொய்யே வராத நாள் ஒன்று உண்டு. அன்று அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது."