பால்காய்ச்சியும் 12,418 கோப்புகளும்

2004 அக்டோபர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.40. அரியலூரில் தூறல், எட்டரைக்கு அளந்தபோது என் மழைமானியில் 3.2 மில்லிமீட்டர். பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஊரிலும் சேர்த்து, ஒரு கம்ப்யூட்டரை அதற்கே தெரியாமல் குடிமாற்றக்கூடிய ஒரே மனிதர் அப்போது என் வாசலில் குடையை மடக்கினார். பெயர் எனக்குத் தெரியாது. ஊருக்கே அவர் பால்காய்ச்சி.

முதலில் வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கியவர். பிறகு பெரம்பலூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்தார். தொழில் மாறியதே தவிர புத்தி மாறவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து புதியதற்கு மாற்றுவதும் அவருக்குக் குடிபோவதுதான். புது டிஸ்க் முதன்முதலாக உயிர் பெறும் நேரத்தில் அந்த வீட்டு அடுப்பில் பால் பொங்க வேண்டும். பொங்காவிட்டால் ஸ்விட்சைத் தொடமாட்டார்.

ஒருமுறை ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்துக்கொண்டு போனாராம். கண்டக்டர் கேட்டிருக்கிறார்: "யோவ், இதுக்கு டிக்கெட் யாரு எடுப்பா?"

"எடுத்துட்டாப் போச்சு. அரை டிக்கெட் குடுங்க."

"ஏன் அரை?"

"வாங்கி அஞ்சு வருசந்தாங்க ஆவுது."

என் பிரச்சினைக்கு வருகிறேன். 1995 ஜூன் முதல் தேதியிலிருந்து தினமும் மழை அளக்கிறேன். அக்டோபர் 16 வரை மொத்தம் 3,426 நாள். எழுதிய நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் கம்ப்யூட்டரில் இருந்ததுதான். அந்தக் கணக்கைத் திறக்கும் புரோகிராமின் பிளாப்பியில் பூஞ்சை. மறுபடி ஏற்ற வழியில்லை. ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு அப்படியே பெயர்த்துக்கொண்டு போனால்தான் உண்டு. இந்த நிலையில் ஹார்ட் டிஸ்க் 'டக், டக்' என்று அடிக்க ஆரம்பித்தது. நிமிடத்துக்குப் பதினான்கு. மறுநாள் பத்தொன்பது.

புது டிஸ்க் வாங்கி நானே எல்லாக் கோப்புகளையும் நகலெடுத்தேன். பழையதில் 12,418. புதியதில் 12,418. திருப்தியாக மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் ஒற்றை வரி, அதற்குமேல் அசையவில்லை. பழையதைத் திரும்ப மாட்டினேன். மூன்றாவது முயற்சியில்தான் கண் திறந்தது. சனிக்கிழமைக் கணக்கை ஏற்றிய கையோடு பால்காய்ச்சிக்குப் போன் போட்டேன்.

"திங்கக்கெழம சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயிருவேன் சார். ஞாயித்துக்கெழமையே வந்துடுறேன். அதுவரைக்கும் தொடாதீங்க. எண்ணவும் எண்ணாதீங்க."

வந்தவரிடம் என் எண்ணிக்கையைக் காட்டினேன். சிரித்தார்.

"சாமானெல்லாம் சரியாத்தான் எறக்கியிருக்கீங்க சார். வாசக்கதவு வைக்க மறந்துட்டீங்க. எந்த வழியா உள்ள போவும்?"

கம்ப்யூட்டரை எழுப்பும் கட்டளை எந்தக் கோப்பிலும் இல்லை, டிஸ்க்கின் தொடக்கத்தில் தனியாக இருக்கிறது; அதனால் கோப்பு கோப்பாக அல்ல, முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை அச்சுப் பிசகாமல் எடுக்க வேண்டும் என்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, தன் பிளாப்பியைப் போட்டு ஆரம்பித்தார். திரையில் சதவீதம் ஏறியது. யாரும் நடக்கக்கூடாது, மிக்ஸி ஓடக்கூடாது என்று உத்தரவு. என் மனைவி சட்னி அரைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

61 சதவீதத்தில் நின்றது. டக், டக், டக். எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை. ஒன்பது வருட மழையும் 61-க்கும் 62-க்கும் நடுவில் தொங்கியது.

பால்காய்ச்சி எல்லாவற்றையும் அணைத்தார். பழைய டிஸ்க்கைக் கையில் எடுத்து உள்ளங்கையில் சற்று நேரம் வைத்திருந்தார்.

"வயசாளிங்க ஒரே பக்கமாப் படுத்தா மூச்சு முட்டும் சார்" என்று சொல்லி, அதைக் குப்புறக் கவிழ்த்து ஒரு துண்டின்மேல் வைத்து மாட்டினார். மறுபடி முதலிலிருந்து. 59. 60. 61. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். 62!

2.55-க்கு நூறு ஆனது. புதியதை மட்டும் பெட்டிக்குள் வைத்துவிட்டு அடுப்படியைப் பார்த்துக் கத்தினார்.

"அம்மா, பால வைங்க!"

"ஏம்ப்பா, பொங்கலன்னா என்ன பண்ணுவ?"

"பொங்குறவரைக்கும் ஒக்காந்திருப்பேம்மா. ராத்திரி சாப்பாடும் இங்கதான்."

அவள் தீயைக் கூட்டினாள். "பொங்கிருச்சு!" என்ற குரலும் ஸ்விட்ச் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. திரை வெளுத்தது. மழைக் கணக்கு திறந்தது. 3,426 நாளும் இருந்தன.

"பழைய வூட்ட ஒரு வாரத்துக்கு இடிக்கக் கூடாது சார். அப்புறம் வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பாலைக் குடித்தார்.

அவர் போனதும் எண்ணினேன். 12,419. மறுபடி எண்ணினேன். 12,419. ஒன்று எங்கிருந்து முளைத்தது? ஒன்றரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தேன். திறந்தால், ஆங்கில எழுத்தில் தமிழ்: 'எண்ணுவீங்கன்னு தெரியும் சார். இது நான் வச்சது. மத்த எல்லாரும் வந்தாச்சு.'

அதற்குப் பிறகு இரண்டு டிஸ்க் மாறிவிட்டேன். அந்தக் கோப்பும் கூடவே குடிவந்திருக்கிறது.

சொன்னபடி அடுத்த ஞாயிறு வந்தார். பழைய டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். செலவை எழுதினேன்: புது டிஸ்க் 2,450, கூலி 300, இரண்டு தடவை வந்துபோன பஸ் 36, பால் ஆறரை. அவர் கிளம்பும்போது, கேட்காமலே, நாலரை ரூபாய் சில்லறையை எடுத்து அவர் சட்டைப்பையில் போட்டேன், மடியில் இருந்தவருக்கு அரை டிக்கெட். ஆக மொத்தம் 2,797 ரூபாய்.